பச்சப்புள்ளைக்கு ஆயா குளியல் வேணுமா, வேண்டாமா?

கயல்_திருச்சி:
வணக்கம் தோழிகளே. பொண்ணு பிறந்து மூணு வாரம் ஆகப்போகுது. தொப்புள் கொடி விழுந்து, அந்த இடமும் நல்லா காஞ்சிருச்சு. அம்மா எங்க தெருவுல இருக்கற ஆயாவைக் குளிப்பாட்டக் கூப்பிட்டிருக்காங்க. எண்ணெய், பாசிப்பயறு மாவு, சாம்பிராணி எல்லாம் வாங்கி வச்சாச்சு. டாக்டரோ வெதுவெதுப்பான தண்ணி போதும், மூக்குல காதுல எதையும் விடாதீங்கன்னு சொல்லியிருக்கார். வீட்டுல ரெண்டு கட்சி ஆயிருச்சு. நீங்கல்லாம் என்ன பண்ணீங்க?

ராஜிம்மா:
தாராளமா கூப்பிடு கண்ணு. என் பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க எல்லாம் கால்ல போட்டுக் குளிப்பாட்டி வளர்ந்ததுங்கதான். எண்ணெய் தேய்ச்சு, கை காலை நீவி விட்டு, தலைக்கு ஊத்தி, சாம்பிராணி காட்டித் தூளியில போட்டா பிள்ளை அடிச்சுப் போட்டாப்ல தூங்கும். பெத்தவளுக்கும் கொஞ்சம் கண்ணசர நேரம் கிடைக்கும். அந்த டாக்டரா வந்து ராத்திரி முழிச்சிருக்கப் போறாரு?

இளங்கோ_கோவை:
அம்மா, "எங்க வீட்டுல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க"ங்கறது ஒரு வாதமே இல்லை. நல்லா இல்லாமப் போன குழந்தைங்க இங்க வந்து பதில் எழுதாது. மூக்குல விடற ரெண்டு சொட்டு எண்ணெய் இருமலைக்கூடத் தூண்டாம வழுக்கிக்கிட்டு நுரையீரலுக்குள்ள இறங்கும். போனது சுலபத்துல வெளிய வராது. லிப்பாய்டு நிமோனியான்னு அதுக்குப் பேரே இருக்கு. வாயால ஊதிச் சளி எடுக்கறது, தொண்டையில விரல் விடறது எல்லாம் அதைவிட மோசம். ஆயாவே வேண்டாம்ங்கறேன் நான்.

ராஜிம்மா:
மூக்குல விடுன்னு நான் எங்கப்பா சொன்னேன்? உடம்புல தேய்க்கறதைத்தானே சொன்னேன். படிச்சவங்க முதல்ல எதிராளி எழுதினதைப் படிக்கணும்.

செவிலி_மலர்:
பிரசவ வார்டுல வேலை பார்க்கறேன், அதனால ரெண்டு பேர்கிட்டயும் சண்டை போட எனக்கு உரிமை உண்டு :)

கயல், பிறக்கும்போது பாப்பா எடை எவ்வளவு? குறைமாசமா, எடை கம்மியாப் பிறந்த குழந்தைன்னா நான் சொல்லப்போறது எதுவும் பொருந்தாது. அதுங்க சீக்கிரம் குளிர்ந்து போகும், டாக்டர் சொல்ற வரைக்கும் குளியல் கிடையாது.

முன்னெல்லாம் பிறந்த உடனே கழுவித்தான் கையில குடுப்பாங்க. இப்போ முதல் குளியலைக் குறைஞ்சது 24 மணி நேரம் தள்ளிப்போடச் சொல்லுது உலக சுகாதார நிறுவனம். வழக்கத்தை விட முடியாதவங்க 6 மணி நேரமாவது பொறுக்கணும். பிறந்ததும் மேல வெண்ணெய் பூசின மாதிரி இருக்கே, அதை அழுக்குன்னு நினைச்சுத் தேய்க்கறவங்க இன்னும் இருக்காங்க. அது தோலைக் காயவிடாது, கிருமியையும் அண்டவிடாது. தானா ஊறி மறையட்டும்.

பச்சப்புள்ளைக்குச் சோப்பு வேண்டாம்ங்கறதுல ராஜிம்மா மாதிரி பழைய ஆளுங்க பக்கம்தான் நான். பச்சப்புள்ளை தோல் பிறந்ததுக்கு அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா அமிலத்தன்மைக்கு வரும், அதுதான் அதுக்குக் கவசம். சாதா குளியல் சோப்பு காரத்தன்மை உள்ளது, அதோட பி.எச். (அமிலமா காரமான்னு காட்டற அளவு) 9, 10 வரைக்கும் இருக்கும். அது அந்தக் கவசத்தையே கலைச்சிடும்.

கயல்_திருச்சி:
2.9 கிலோ அக்கா, நிறை மாசம். அப்போ பாசிப்பயறு மாவு போடலாமா? உடம்பெல்லாம் பூனை முடி இருக்கு, மாவு தேய்ச்சாப் போயிடும்னு அம்மா சொல்றாங்க.

இளங்கோ_கோவை:
அந்த முடி சில வாரத்துல தானாவே உதிரும். நீங்க தேய்ச்ச நேரமும் அது உதிர்ற நேரமும் ஒண்ணா இருக்கறதால மாவுக்குப் பேர். மாவுல நொறநொறப்பு இருக்கு, கழுத்து மடிப்புலயும் தொடை இடுக்குலயும் ஒட்டிக்கிட்டுப் புண்ணாக்கும்.

ராஜிம்மா:
சலிச்ச மாவு எப்படிப்பா நொறநொறன்னு இருக்கும்? மடிப்பை விரிச்சு அலசத் தெரியாதவங்க எதைப் போட்டாலும் புண்ணுதான்.

லண்டன்_சுபா:
இங்கே வாரத்துக்கு ரெண்டு மூணு முறை குளியலே போதும்னு சொல்றாங்க. மத்த நாள்ல பஞ்சைத் தண்ணில நனைச்சு முகம், கழுத்து, டயப்பர் கட்டற இடம் மட்டும் துடைக்கறது. கண்ணுக்கு மூக்கோரத்துலருந்து வெளிப்பக்கமா, ஒவ்வொரு கண்ணுக்கும் வேற பஞ்சு.

ராஜிம்மா:
திருச்சி சித்திரை வெயில்ல வாரத்துக்கு ரெண்டு நாள் குளிப்பாட்டினா பிள்ளை மேல வேர்க்குருதான் மிஞ்சும் தாயி.

செவிலி_மலர்:
அது நியாயம். நம்ம ஊர் புழுக்கத்துக்குத் தினமும் ஊத்தலாம், ஆனா அஞ்சு பத்து நிமிஷத்துல முடிச்சிடணும். ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்திக்கோங்க. தண்ணி 37 டிகிரி, முழங்கையை விட்டுப் பார்த்தா சூடும் தெரியக்கூடாது, ஜில்லுன்னும் இருக்கக்கூடாது. பச்சைத் தண்ணியை முதல்ல ஊத்திட்டு அப்புறம்தான் வெந்நீர் கலக்கணும். ஆயாங்க "நல்ல சூட்டுல" ஊத்தறது பல நேரம் பெரியவங்களுக்கே தாங்காது.

எண்ணெய்ல தேங்காய் எண்ணெய் நல்லது. கடுகெண்ணெயும், இப்போ ஃபேஷனாப் போன ஆலிவ் எண்ணெயும் பச்சப்புள்ளை தோலுக்கு ஒத்துக்காது. நீவறது இருக்கட்டும். மூக்கு எடுப்பா வரணும்னு பிடிச்சு இழுக்கறது, தலையை உருண்டையாக்கறேன்னு அமுக்கறது வேண்டாம், தலை தானா சரியாகும்.

கயல்_திருச்சி:
இன்னொண்ணு கேக்கவே கூச்சமா இருக்கு. பாப்பாவுக்கு மார்பு லேசா வீங்கியிருக்கு. ஆயா வந்தா பால் பிதுக்கி விடுவாங்கன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க.

செவிலி_மலர்:
தொடவே விடாதீங்க! உங்க உடம்புலருந்து போன ஹார்மோன்தான் காரணம், ஆண் குழந்தைக்கும் வரும். சில வாரத்துல வத்திடும். பிதுக்கினா சீழ் கட்டி, அறுக்கற வரைக்கும் போயிடும். பெண் குழந்தைக்கு முதல் வாரத்துல வெள்ளைப்படறது, ஒரு பொட்டு ரத்தம் தெரியறதும் இதே கதைதான். முன்னாலருந்து பின்னால துடைச்சா போதும், உள்ளே விட்டுச் சுத்தம் பண்ணக்கூடாது.

ராஜிம்மா:
இதுல மலர் சொல்றது சரி. பிதுக்கறதை எங்க வீட்டுல எங்க மாமியாரே விடமாட்டாங்க. ஆனா சாம்பிராணியை மட்டும் நிறுத்தாதே, தலையில நீர் கோத்துக்கும்.

இளங்கோ_கோவை:
துண்டால துவட்டினா தலை காயும்மா. மூடின ரூம்ல மூணு வாரக் குழந்தைக்குப் புகை எதுக்கு?

ராஜிம்மா:
பிள்ளையையா புகையில வாட்டச் சொன்னேன்? வாசனைக்கு ஒரு சிட்டிகை.

செவிலி_மலர்:
சிட்டிகையும் வேண்டாம்மா, டால்கம் பவுடரும் வேண்டாம். ரெண்டும் மூச்சுலதான் போகும்.

கயல்_திருச்சி:
சரி, ஆயா வரட்டும். எண்ணெய் உடம்புக்கு மட்டும், மூக்குக்கும் காதுக்கும் மார்புக்கும் கை போகக்கூடாதுன்னு நாளைக்குக் காலையில முதல்லயே சொல்லிடறேன். சாம்பிராணிக்கு அம்மாவோட இன்னும் பேச்சுவார்த்தை நடக்குது.

ராஜிம்மா:
நீ சொல்லாதே. உங்க அம்மாவை விட்டுச் சொல்லச் சொல்லு. சின்னப் பொண்ணு பாடம் எடுத்தா ஆயா கோவிச்சுக்கிட்டு வேற வீட்டுக்குப் போயிரும்.

இளங்கோ_கோவை:
போகட்டும்னுதானே நான் முதல்லயே சொன்னேன்.