தம்பிக்கு துபாயில் அக்கவுண்டன்ட் வேலை: கிளம்பும் முன் எதையெல்லாம் பார்க்கணும்?

பெரியபட்டினம் லாத்தா:

அஸ்ஸலாமு அலைக்கும். தம்பி பி.காம். முடித்துவிட்டு ராமநாதபுரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறான். துபாயில் ஒரு டிரேடிங் கம்பெனியில் அக்கவுண்டன்ட் வேலைக்கு ஆஃபர் வந்திருக்கிறது. மொத்தம் 4,500 திர்ஹம், அதில் பேசிக் 1,800, மீதியெல்லாம் அலவன்ஸ். தங்க இடம் கம்பெனி தராது. நடுவில் இருக்கிற ஏஜென்ட் விசா செலவுக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறார். "முதலில் விசிட் விசாவில் போகட்டும், அங்கே போய் மாற்றிக்கலாம்" என்கிறார். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கிறது. சர்டிபிகேட் அட்டெஸ்டேஷனை (அரசு அலுவலகங்கள் சரிபார்த்து முத்திரை வைப்பதை) இங்கேயே முடிக்கணுமா? கையில் எவ்வளவு கொடுத்து அனுப்பணும்? விவரம் தெரிந்த காக்காமார் சொல்லுங்கள்.

கீழக்கரை நடுத்தெரு:

வ அலைக்கும் ஸலாம் தங்கச்சி. முதலில் அந்த ஒன்றரை லட்சத்தைப் பேசுவோம். கொடுக்காதீங்க. யுஏஇ (ஐக்கிய அரபு அமீரகம்) தொழிலாளர் சட்டப்படி (2021-இன் 33-ஆம் எண் சட்டம், 2022 பிப்ரவரி 2 முதல் அமலில் இருக்கிறது) ஆள் எடுக்கிற செலவும் விசா செலவும் கம்பெனியின் பொறுப்பு. வேலைக்கு வருகிறவரிடம் நேராகவோ சுற்றி வளைத்தோ வாங்கக்கூடாது. நம்ம நாட்டு விதிப்படியும் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி மட்டும். நம்ம அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் ஏஜென்ட்டின் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். பெயர் இல்லை என்றால் பேச்சை அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

விசிட் விசாவில் வேலை பார்ப்பது அங்கே குற்றம். விசா காலம் தாண்டினால் நாளுக்கு 50 திர்ஹம் அபராதம். "மாற்றிக்கலாம்" என்கிற பேச்சில் கம்பெனிக்கு ஒரு கடமையும் இல்லை. பிடிக்கவில்லை என்றால் அனுப்பிவிடுவார்கள், டிக்கெட் காசும் நம்ம தலையில்தான். வேலைக்கான என்ட்ரி பெர்மிட் கையில் வந்த பிறகுதான் விமானம் ஏறணும். அதில் போனால் மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடி (அங்குள்ள அடையாள அட்டை) கைரேகை எல்லாம் அங்கே இறங்கிய பிறகு கம்பெனியே செய்ய வைக்கும்.

இப்போது வந்திருப்பது கம்பெனி லெட்டர்ஹெட்டில் அடித்த தாளா, அரசு வடிவத்தில் உள்ள ஆஃபரா? அங்குள்ள தொழிலாளர் அமைச்சகத்துக்கு, அதாவது மோஹ்ரேக்கு, தனிப் படிவம் உண்டு. தொழிலாளிக்குப் புரிகிற மொழியிலும் தரணும் என்று அரபி, ஆங்கிலத்தோடு சில மொழிகளில் வைத்திருக்கிறார்கள், தமிழும் அதில் ஒன்று. தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்கி வரிக்கு வரி படிக்கச் சொல்லுங்கள். பிறகு போடுகிற ஒப்பந்தம் அந்த ஆஃபரோடு பொருந்தணும்.

நான் இருந்தால் பேரம் பேசுவது பேசிக்கில்தான். கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது தருகிற பணிக்கொடை, பேசிக்கை வைத்துத்தான் கணக்கு: முதல் ஐந்து வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் பேசிக். 1,800 என்றால் ஒரு நாளுக்கு 60, வருடத்துக்கு 1,260 திர்ஹம். அதே 4,500-க்குள் பேசிக்கை 2,700 ஆக்கினால் வருடத்துக்கு 1,890. ஐந்து வருடத்தில் 3,150 திர்ஹம் வித்தியாசம். எடுக்காத லீவுக்குத் தருகிற பணமும் ஓவர்டைமும் பேசிக்கைத் தொட்டே வரும். மொத்தத்தைக் கூட்டச் சொன்னால் கம்பெனி முகம் சுளிக்கும், பேசிக்கை நகர்த்தச் சொன்னால் பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள்.

ப்ரொபேஷன் (சோதனைக் காலம்) ஆறு மாதத்துக்கு மேல் போகக்கூடாது. அதற்குள் விட்டுவிட்டு ஊருக்கு வருவதானால் 14 நாள் நோட்டீஸ், அங்கேயே வேறு கம்பெனிக்கு மாறுவதானால் ஒரு மாதம். பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொள்ளக்கூடாது என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது.

மண்டபம் கேம்ப்:

சர்நேம் விஷயத்தைத் தள்ளிப்போடாதீங்க அக்கா. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு யுஏஇ 2022 நவம்பரில் கட்டுப்பாடு போட்டது. பின்பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு தளர்த்தினார்கள். ஆனாலும் செக்-இன் கவுண்டரில் நிற்கிற ஊழியருக்கு அது தெரியாவிட்டால் பையன் அங்கேயே மாட்டிக்கொள்வான். என்ட்ரி பெர்மிட் போடும் முன்பே மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் ரீஇஷ்யூவுக்கு விண்ணப்பித்து, இனிஷியலை விரித்து வாப்பா பெயரை சர்நேமில் போடுங்கள். பெர்மிட் வந்த பிறகு மாற்றினால் பாஸ்போர்ட் எண் மாறிவிடும், எல்லாம் முதலிலிருந்து. கையோடு 'எமிக்ரேஷன் செக் ரிக்வயர்டு' (வேலைக்குப் போகும் முன் நம்ம அரசின் அனுமதி வேணும்) என்ற முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்று கொடுக்காமல் எடுத்த பாஸ்போர்ட்டில் அது இருக்கும். ரீஇஷ்யூவிலேயே சான்று கொடுத்து நீக்கிவிடலாம்.

அட்டெஸ்டேஷனை இங்கேயே முடிக்கணும். ஒரிஜினல்மேல் முத்திரை விழணும் என்பதால் அங்கே போய்ச் செய்தால் கூரியரில் ஒரிஜினல் அலையும். வரிசை இது: முதலில் பல்கலைக்கழகச் சரிபார்ப்பு, பிறகு சென்னையில் மாநில அரசின் உயர்கல்வித் துறை, பிறகு வெளியுறவு அமைச்சகம், பிறகு யுஏஇ தூதரகம். கடைசியாக அங்குள்ள வெளியுறவு அமைச்சகம், அதைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். அப்போஸ்டில் (ஒரு சர்வதேச உடன்படிக்கைப்படி வைக்கிற முத்திரை) மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க, யுஏஇ அந்த உடன்படிக்கையில் இல்லை.

பலருக்கு இழுக்கிற இடம் இரண்டு. ப்ரொவிஷனல் சர்டிபிகேட்டோடு போவார்கள், பட்டமளிப்பு சர்டிபிகேட்தான் வேணும். அடுத்தது லேமினேஷன். பத்திரமாக இருக்கட்டும் என்று நம்ம ஊரில் எல்லாத்தையும் லேமினேட் பண்ணிவிடுகிறோம். பின்பக்கத்தில் முத்திரையும் ஸ்டிக்கரும் ஒட்ட முடியாது. வீட்டில் உரிக்க முயன்றால் மை பெயர்ந்து வரும். அப்படி இருந்தால் பல்கலைக்கழகத்தில் டூப்ளிகேட்டுக்கு இப்போதே எழுதிப் போடுங்கள்.

தொண்டி கடலோரம்:

பணத்தைப் பொறுத்தவரை, முதல் சம்பளம் வருவதற்கு ஒன்றரை மாதம், சில நேரம் இரண்டு மாதம்கூட ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எமிரேட்ஸ் ஐடி வந்தால்தான் பேங்க் கணக்கு. இரண்டு மாத பெட் ஸ்பேஸ் (பகிர்ந்த அறையில் ஒரு கட்டில்) வாடகை, ஒரு டெபாசிட், சாப்பாடு, போக்குவரத்து சேர்த்து 4,000 திர்ஹம் கையில் இருந்தால் கடன் கேட்காமல் ஓட்டலாம். ரொக்கமாக வெளிநாட்டுப் பணம் 3,000 டாலர் மதிப்பு வரை கொண்டுபோகலாம், இது அதற்குள் அடங்கும். வங்கியிலோ உரிமம் உள்ள மணி சேஞ்சரிடமோ வாங்கி ரசீதை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆபீஸ் எங்கே என்று தெரியாமல் ரூம் பிடிக்காதீங்க. ஷார்ஜாவில் வாடகை குறைவுதான், ஆனால் மெட்ரோ அங்கே போகாது, சாயங்காலம் ரோட்டிலேயே பொழுது போய்விடும். மெட்ரோ ஓரமாக டெய்ரா, கராமா, குசைஸ் பக்கம் பாருங்கள். மெட்ரோ, பஸ்ஸுக்கான சில்வர் நோல் கார்டு 25 திர்ஹம், அதில் 19 பயணத்துக்கு. ஒரு நடைக்கு மண்டலத்தைப் பொறுத்து 3, 5, 7.50. எல்லா மண்டலத்துக்கும் மாதப் பாஸ் 350. பலகை வைத்து மறித்த பார்ட்டிஷன் ரூம் மலிவாகக் கிடைக்கும், அதை எடுக்க வேண்டாம். சோதனை வந்தால் அன்றைக்கே காலி பண்ணச் சொல்வார்கள், டெபாசிட் திரும்பாது. நேரில் பார்க்காத ரூமுக்கு இங்கிருந்தே அட்வான்ஸ் அனுப்புவதும் கூடாது.

பெட்டியில் ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள்: கசகசா. யுஏஇயில் அது தடை செய்யப்பட்ட பொருள். வீட்டில் அரைத்த குருமா மசாலா, பிரியாணி மசாலாவில் கசகசா சேர்ந்திருந்தால் அதையும் வைக்காதீங்க. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால், தூக்க மாத்திரை வகைகளுக்கு அங்குள்ள அரசிடம் ஆன்லைனில் முன்அனுமதி வாங்கணும், டாக்டர் சீட்டும் கூட இருக்கணும். யாராவது "அங்கே ஒருத்தருக்குக் கொடுத்துடு" என்று பொட்டலம் தந்தால் வாங்கக்கூடாது. நம்ம கரையில் காய்ந்த கடல் அட்டையும் கடல் குதிரையும் கேட்டுக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. இரண்டும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, மாட்டினால் ஜெயில்தான். கருவாட்டுக்கு எடையை வீணாக்க வேண்டாம், அங்கே கடையில் கிடைக்கும்.

பெரியபட்டினம் லாத்தா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஏஜென்ட்டிடம் முடியாது என்று சொல்லிவிட்டோம், கம்பெனிக்கு நேரடியாக மெயில் போடுகிறான். இங்கே இருக்கிற பேங்க் கணக்கை என்ன செய்யணும்? உம்மாவோடு பேச வாட்ஸ்அப் போதும்தானே?

கீழக்கரை நடுத்தெரு:

வாட்ஸ்அப்பில் மெசேஜும் வாய்ஸ் நோட்டும் போகும், கால் போகாது. அங்கே இன்டர்நெட் கால் அனுமதி பெற்ற செயலிகளில்தான். பெரும்பாலும் போட்டிம் பயன்படுத்துகிறார்கள், உம்மா போனிலும் இப்போதே ஏற்றிப் பழக்கிவிடுங்கள்.

வேலைக்குப் போன பிறகு இங்குள்ள சேவிங்ஸ் கணக்கை என்ஆர்ஓவாக (வெளிநாட்டில் இருப்பவர் இங்குள்ள பணத்துக்கு வைக்கிற கணக்கு) மாற்றணும், அது சட்டம். சம்பளப் பணம் அனுப்பத் தனியாக ஒரு என்ஆர்இ கணக்கு. அதன் வட்டிக்கு இங்கே வரி கிடையாது, திரும்ப வெளிநாட்டுக்கு எடுப்பதற்கும் தடையில்லை. வேலைக்காகப் போகிறவர் அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால் துபாய்ச் சம்பளத்துக்கு இங்கே வரி வராது, அதனால் செப்டம்பர் 28-க்குள் கிளம்பினால் நல்லது.

ஆதாரோடும் பேங்க்கோடும் இணைத்த சிம்மை மட்டும் சாக விடாதீங்க. கிளம்பும் முன் ரோமிங்கைத் திறந்து, ஓடிபி எஸ்எம்எஸ் வருகிற அளவுக்கு ஒரு ரீசார்ஜ் தொடரணும். நம்பர் போய்விட்டால் அங்கிருந்து மீட்க வழியில்லை. ஒவ்வொரு முறையும் ரீசார்ஜ் தேதியை நீங்களே குறித்து வைத்துப் போட்டுவிடுங்கள்.