மூன்று நாள் தியானத்துக்குப் போய் வந்தால் திங்கட்கிழமை மாறுமா?

தோவாளைக்காரன்:
போன வெள்ளி சாயங்காலம் தியானத்துக்குப் போய், ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் திரும்பினேன். எங்கள் கத்தோலிக்கப் பங்கிலிருந்து 20 பேர். தியான இல்லத்தின் வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துவிட்டார்கள். சனிக்கிழமை முழுக்க மௌனம். மோர் வேண்டுமென்றால்கூட ஜாடைதான். 11 வருடம் கழித்து, குருவானவரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மனசு லேசாக இருக்கிறது. அண்ணனோ, “வீட்டில் செய்ய முடியாத ஜெபத்தையா அங்கே போய்ச் செய்தாய்?” என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

குளச்சல் கரை:
அண்ணன் கேட்டது சரிதான் மக்கா. எங்கள் தெருவில் ஒருவர் கேரளத்துத் தியானத்துக்கு மூன்று தடவை போய் வந்தார். ஒவ்வொரு தடவையும் குடியை விட்டார், ஒவ்வொரு தடவையும் ஒன்றரை மாதம். பாட்டு, கைதட்டல், கண்ணீர் எல்லாம் அந்த ஹாலோடு சரி. மௌனம்தான் வேண்டுமென்றால் தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல்காரர்களைக் கேளுங்கள். வாரக்கணக்கில் கரையைக் காணாமல் கிடக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் சான்றிதழ் கொடுப்பதில்லை.

மார்த்தாண்டம் டீச்சர்:
நான் சி.எஸ்.ஐ., புராட்டஸ்டன்ட் சபை. எங்கள் சேகரத்தில் இதை ரிட்ரீட் என்றே சொல்லுவோம். வீட்டில் ஜெபிக்கலாமே என்று ஆண்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறீர்கள். விடியற்காலை நான் முழங்காலில் நின்றால் இரண்டாவது நிமிடம் குக்கர் விசில், மூன்றாவது நிமிடம் “அம்மா, என் சாக்ஸ் எங்கே?” இயேசுவே சீஷர்களிடம், “வனாந்தரமான ஓரிடத்தில் தனித்துச் சற்றே இளைப்பாறும்படி போவோம் வாருங்கள்” என்று சொல்லவில்லையா? மாற்கு 6:31. சாப்பிடக்கூட நேரமில்லாமல் ஆட்கள் வந்துபோய்க் கொண்டிருந்தார்கள் என்று அதே வசனத்தில் இருக்கிறது. எங்கள் வீடு மாதிரியேதான்.

குளச்சல் கரை:
டீச்சர், வசனத்தைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். படகில் போய் இறங்குவதற்குள் ஜனங்கள் கால்நடையாக ஓடி முந்திப் போய் நின்றார்கள். அவரும் அவர்களைத் துரத்தவில்லை, மனதுருகிப் போதிக்க ஆரம்பித்துவிட்டார். சாயங்காலம் 5000 பேருக்கு அப்பமும் மீனும். அந்த ரிட்ரீட் நடக்கவே இல்லை!

மார்த்தாண்டம் டீச்சர்:
நீங்களும் பாதியில்தான் நிறுத்தியிருக்கிறீர்கள். 46-ம் வசனம் வரைக்கும் வாருங்கள். எல்லாரையும் அனுப்பிவிட்டு ஜெபம்பண்ண மலையில் ஏறினார். சாப்பாடு போட்டு முடித்த பிறகாவது அவருக்கு ஒரு மலை கிடைத்தது. எங்களுக்குப் பாத்திரம்தான்.

குளச்சல் கரை:
அது அடி. ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் விசுவாசத்துக்காக உயிரை விட்ட நம்ம புனிதர் தேவசகாயம் எந்தத் தியான இல்லத்துக்குப் போனார்?

கோட்டாறு உபதேசியார்:
பேச்சு என் பக்கம் வந்துவிட்டதால் சொல்கிறேன். அவரும் ஓரிடத்துக்குப் போகத்தான் வேண்டியிருந்தது தம்பி. மாடுகள் செத்து, பயிர் அழிந்து மனம் ஒடிந்திருந்தபோது திருவிதாங்கூர்ப் படையிலிருந்த ஐரோப்பியர் டிலனாயிடம், எல்லாம் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதையைக் கேட்டார். அது ஒரே நாளில் முடிந்த பேச்சில்லை. 1745-ல் ஞானஸ்நானம் வாங்க ஆரல்வாய்மொழியைத் தாண்டி வடக்கன்குளம் போனார். திரும்பி வந்ததும் லேசான வாழ்க்கை இல்லை. 1752-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். ஆக, போய் வந்தவன் திங்கட்கிழமை எப்படி இருக்கிறான் என்று நீங்கள் கேட்பதும் நியாயமான கேள்விதான்.

இன்னொன்று. இந்தத் தியான முறையைத் தொடங்கி வைத்தவர், இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார். 1522-ல் ஸ்பெயினின் மன்ரேசாவில் எழுதத் தொடங்கிய குறிப்புகள்தான் பின்னால் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்ற புத்தகம் ஆயின. முழுசாகச் செய்தால் ஏறக்குறைய 30 நாள். நாம் மூன்று நாளில் செய்வது பாயசத்தில் ஒரு கரண்டி. ஆனால் அதே புத்தகத்தின் 19-வது குறிப்பு, வேலையை விட்டு வர முடியாதவர்களுக்கானது. தினமும் ஒன்றரை மணி நேரம், வழிகாட்டி ஒருவர், வீட்டிலிருந்தபடியே. தோவாளைக்காரர் தன் அண்ணனிடம் இதைச் சொல்லலாம்: வீட்டில் செய்யும் வழியும் இருக்கிறது, அது சுலபமானது இல்லை.

குளச்சல் கரை:
ஒன்றரை மணி நேரமா! மூன்று நாளே பரவாயில்லை போல.

ஐயா, என் உண்மையான சண்டை தேதியோடுதான். வெள்ளி, சனி என்று வைத்தால் சம்பளக்காரர்கள்தான் வருவார்கள். கடலுக்குப் போகிறவனுக்குச் சனிக்கிழமை ஒரு நாள் மீன்பாடு போனால் போனதுதான். ரப்பர் பால் வெட்டுகிறவனுக்கும் அப்படித்தான், விடியுமுன் மரத்தடியில் நிற்க வேண்டும். எங்கள் பக்கம் விசைப்படகுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். அப்போது செவ்வாய், புதன், வியாழன் என்று வைக்கட்டும். நானே வருகிறேன். வாயை மூடிக்கொண்டு இருப்பேனா என்பது வேறு விஷயம்.

கோட்டாறு உபதேசியார்:
பங்கிலுள்ள அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள். பங்குத்தந்தை காதில் விழும்படி சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் டீச்சர்:
தோவாளைக்காரரே, ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அந்த மூன்று நாளும் உங்கள் வீட்டில் யார் பார்த்துக்கொண்டார்கள்? அவர் எப்போது தியானத்துக்குப் போகிறார்?

தோவாளைக்காரன்:
உங்கள் பதிவைப் படித்துவிட்டு இன்று காலை என் மனைவியிடமே கேட்டேன். “பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும், போகிறேன். அந்த மூன்று நாளும் நீங்கள் பால் கறப்பீர்களா?” என்றாள்.

எனக்குக் கறக்கத் தெரியாது. அண்ணனுக்குத் தெரியும். இனி அவரிடம்தான் போய் நிற்க வேண்டும்.