மாஸ்டர் சிலிண்டர் மூடியில் இறுகிப்போன திருகுகள்

கேள்வி:
வணக்கம். 1980களில் ஜப்பானில் தயாரான ஒரு மோட்டார் சைக்கிளைச் சீர்செய்து வருகிறேன். முன் பிரேக் மாஸ்டர் சிலிண்டரின் (பிரேக் திரவத்தை அழுத்தி அனுப்பும் உறுப்பு) மூடியைப் பிடித்திருக்கும் இரண்டு எம்4 (4 மி.மீ. தண்டுள்ள) திருகுகளும் அசையவே இல்லை. ஒன்றில் பிளஸ் திருப்புளி இருமுறை வழுக்கியதில் பள்ளம் கிண்ணம்போல் மழுங்கிவிட்டது. மற்றதையும் கெடுத்துவிடக் கூடாது என்று நிறுத்திவிட்டேன். இதே உறுப்பு புதிதாகக் கிடைப்பதில்லை. துளையிடாமல் கழற்ற வழி உண்டா?

மறுமொழி 1:
நிறுத்தியது நல்லது. கெடாத திருகின் தலையில், பள்ளத்தை ஒட்டி ஒரு சிறு புள்ளி குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஜேஐஎஸ் எனப்படும் ஜப்பானியத் தரத் திருகு. சாதாரண பிளஸ் திருப்புளியின் (பிலிப்ஸ் வகை) நுனி அதன் அடிவரை சென்று உட்காராததால்தான் அழுத்தித் திருப்பும்போது மேலே எழும்பி விளிம்புகளைத் தின்றுவிடுகிறது. ஜேஐஎஸ் திருப்புளியை வாங்கி, பள்ளத்திலுள்ள அழுக்கை ஊசியால் சுரண்டிவிட்டு, அதைச் செங்குத்தாக நிறுத்திச் சுத்தியலால் நாலைந்து முறை தட்டுங்கள். எஃகுத் திருகைச் சுற்றியுள்ள அலுமினியம் ஈரத்தில் அரிபட்டு, வெண்ணிறப் பொடியாக மரையின் இடுக்கை அடைத்துக்கொள்கிறது. அந்தப் பிடிப்பைத் தட்டல்தான் உடைக்கும். பிறகு துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடலாம்.

மறுமொழி 2:
தட்டுவதை ஏற்கிறேன், எண்ணெயை ஏற்க முடியவில்லை. டாட் 4 எனப்படும் பிரேக் திரவத்துக்கான ரப்பர் சீல்கள் (கசிவு தடுக்கும் வளையங்கள்) கனிம எண்ணெய் பட்டால் ஊதிப் பெருத்துவிடும், மூடியின் விளிம்பு வழியாக எண்ணெய் உள்ளே கசிந்தால் நாளை நீங்கள் போடும் புதிய சீலும் கெடும். பிரேக் விஷயத்தில் இதைச் சிறு பிழையாக நான் கருதுவதில்லை. தட்டும் முன் சிலிண்டரைக் கைப்பிடியிலிருந்து கழற்றி, அடியில் மரக்கட்டை கொடுங்கள்.

மழுங்கிய திருகுக்குத் துளையிடுவதே பாதுகாப்பு. அஞ்ச வேண்டாம், துளை தலையோடு நின்றுவிடும். நடுவில் புள்ளிக்குத்து (கூர்முனைக் கருவியால் தட்டி இடும் சிறு குழி) வைத்து, முதலில் மெல்லிய துளை, பின்னர் 4 மி.மீ. துளை என்று போனால் தலை மோதிரம்போல் தனியே வந்துவிடும். மூடியை எடுத்ததும் இழுவிசை போய்விடுவதால், வெளியே நிற்கும் தண்டைப் பிடிக்குறடால் கவ்வி மெதுவாகத் திருப்பலாம். அப்போதும் அசையாவிட்டால், திரவத்தையும் ரப்பர்களையும் முழுவதும் நீக்கிய பிறகு மட்டும் வெப்பக்காற்றுக் கருவியால் சூடாக்குங்கள். அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால் பிடி தளரும். உடைந்த திருகை எடுக்கும் மெல்லிய எக்ஸ்ட்ராக்டரை உள்ளே செலுத்தாதீர்கள். அது உள்ளே முறிந்தால், அந்தக் கடின எஃகைச் சாதாரணத் துளைப்பான் துளைக்காது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. புள்ளி இருந்தது. ஜேஐஎஸ் திருப்புளியை வைத்துத் தட்டிய பின் முதல் திருகு "டக்" என்ற ஓசையுடன் விட்டுக்கொடுத்தது. மரை முழுவதும் சுண்ணாம்பு அப்பியதுபோல் இருந்தது. இரண்டாவதன் தலையைத் துளைத்து எடுத்தேன், மிஞ்சிய தண்டு சூடில்லாமலேயே குறடுக்கு வந்துவிட்டது. சிலிண்டரின் மரைகள் இரண்டும் முழுமையாக உள்ளன. புதிய திருகுகளின் மரையில் மட்டும் சிலிகோன் கிரீஸ் தொட்டு, மிதமாக இறுக்கப் போகிறேன்.