பாலி ஐசி கொடுத்தும் சால்மன் செல்களில் எம்எக்ஸ் ஏறவில்லை: எங்கே தவறு?

பிப்பெட் பிடித்தவள் (கேள்வி)

வணக்கம். மூன்று வாரமாக ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். சினூக் சால்மன் கருவிலிருந்து பெற்ற சிஎச்எஸ்இ-214 செல்களை 20 டிகிரியில் வளர்க்கிறேன். வைரஸ் வந்துவிட்டது என்று செல்களை நம்பவைக்க, மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் பாலி ஐசியை வளர்ப்பு ஊடகத்தில் சேர்த்தேன். 24 மணி நேரத்திலும் 48 மணி நேரத்திலும் வைரஸை எதிர்க்கும் எம்எக்ஸ் மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று கியூபிசிஆர் சோதனையில் பார்த்தேன். சிடி மதிப்பு (குறையக் குறைய மரபணு அதிகமாக இயங்குகிறது என்று பொருள்) 33. எதுவும் சேர்க்காத குழியிலும் அதே 33.

ஊடகத்தில் இன்டர்ஃபெரான் (வைரஸ் வந்தால் செல் சுரக்கும் எச்சரிக்கைப் புரதம்) இருக்கிறதா என்று ஆய்வகத்தில் கிடந்த எலிகளுக்கான எலைசா பெட்டியால் (எதிர்ப்பொருளைக் கொண்டு புரதத்தைப் பிடித்து அளப்பது) சோதித்தேன், பூஜ்யம். பிறகு சால்மன் மீன்களைத் தாக்கும் ஐபிஎன்வி வைரஸைக் கொடுத்தேன். பாலி ஐசி பெற்ற செல்களும் பெறாத செல்களும் ஒன்றாகவே செத்துப்போயின. புதிய பாலி ஐசி வாங்கியும் பார்த்துவிட்டேன். என்ன செய்வது?

அவசரக்காரன்

20 டிகிரி குறைவு. 37-இல் வைத்துப் பாருங்கள், எல்லாம் வேகமாக நடக்கும்.

நரைத்த ஆய்வாளர்

தயவுசெய்து வைக்காதீர்கள். இவை குளிர்நீர் மீனின் செல்கள். 37-இல் வேகமாக நடக்கப்போவது சாவு மட்டுமே.

அடுத்து அந்த எலைசா. அம்மா, அந்தப் பெட்டியிலுள்ள எதிர்ப்பொருள் எலியின் இன்டர்ஃபெரானைப் பிடிக்கச் செய்யப்பட்டது. மீனின் இன்டர்ஃபெரானும் அதுவும் ஒரே வேலையைச் செய்தாலும், அமினோ அமில வரிசையில் வெகுவாக விலகிப்போனவை. 1957-இல் ஐசக்சும் லிண்டன்மனும் கோழிக் கருவில் இன்டர்ஃபெரானைக் கண்டார்கள். மீனின் இன்டர்ஃபெரான் மரபணு 2003-இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. அவ்வளவு காலம் பிடித்ததற்கு இந்த விலகலும் ஒரு காரணம். ஆகவே உங்கள் பூஜ்யத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. மறந்துவிடுங்கள்.

இரட்டை இழை

உங்கள் கைமீது தவறில்லை. செல்வரிசையின் குணம் அது.

பாலி ஐசி என்பது வைரஸின் இரட்டை இழை ஆர்என்ஏ போல வேடமிட்ட பொருள். அதைச் செல் அடையாளம் காணப் பல வாசல்கள், அதாவது உணரும் புரதங்கள், உண்டு. டிஎல்ஆர்3 செல்லுக்குள் இருக்கும் பைகளின் சவ்வில் காத்திருக்கிறது. டிஎல்ஆர்22 மீன்களில் செல்லின் மேற்பரப்பிலிருந்து நீண்ட இழைகளைப் பிடிப்பதாகப் பேத்தை மீனில் காட்டியிருக்கிறார்கள். ரிக்-ஐ, எம்டிஏ5 இரண்டும் சைட்டோபிளாசத்தில் காவல் நிற்பவை. சிஎச்எஸ்இ-214 செல்கள் வெளியில் மிதக்கும் பாலி ஐசியைக் கண்டுகொள்வதில்லை. அதையே டிரான்ஸ்ஃபெக்‌ஷன் மூலம் உள்ளே தள்ளினால் விழித்துக்கொள்கின்றன, ஐபிஎன்வியையும் தாங்குகின்றன. 2002-லேயே இது வெளியாகிவிட்டது.

கொழுப்புத் துகளோடு கலந்து கொடுங்கள். ஆனால் அந்தக் கொழுப்புக் கரைசலை மட்டும் பெற்ற குழி ஒன்று கட்டாயம் வேண்டும். பிளாஸ்மிட் எனும் வட்ட டிஎன்ஏவைக் கட்டுப்பாட்டுக்கு வைக்காதீர்கள். அதுவே சில செல்களை உசுப்பிவிடும், பிறகு எது யார் செய்த வேலை என்று தெரியாது.

பிப்பெட் பிடித்தவள்

நன்றி. ஒரு சந்தேகம்: இந்தச் செல்கள் இன்டர்ஃபெரான் பாதையே அறுந்தவையாக இருந்தால்? உள்ளே தள்ளியும் பயனில்லையே.

இரட்டை இழை

நல்ல கேள்வி. சொல்வது வேறு, கேட்பது வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆபத்தை உணர்ந்த செல் இன்டர்ஃபெரானைச் சுரக்கிறது. அது தன்மீதும் பக்கத்துச் செல்மீதும் உள்ள ஏற்பியில் ஒட்டுகிறது. ஜேக் நொதிகள் ஸ்டாட் புரதங்களுக்குப் பாஸ்பேட் ஏற்றுகின்றன. அவை உட்கருவுக்குள் போய் எம்எக்ஸ், வைபெரின், ஐஎஸ்ஜி15 முதலான மரபணுக்களைத் திறக்கின்றன. வைரஸோடு நேரடியாகச் சண்டையிடுபவை இவைதான்; இன்டர்ஃபெரான் வெறும் தண்டோரா. சிஎச்எஸ்இ-214-க்குக் காது நன்றாகவே கேட்கும். அதனால்தான் சால்மன் இன்டர்ஃபெரானின் ஆற்றலை அளக்கவே இந்தச் செல்களைப் பயன்படுத்துகிறார்கள்.

சோதிக்க எளிய வழி: வானவில் டிரவுட்டின் ஆர்டிஜி-2 செல்களுக்குப் பாலி ஐசி கொடுத்து, சில மணி நேரம் கழித்து நன்றாகக் கழுவிப் புதிய ஊடகம் ஊற்றுங்கள். மறுநாள் அந்த ஊடகத்தை எடுத்து உங்கள் செல்களின்மேல் விடுங்கள். எம்எக்ஸ் ஏறினால் காது இருக்கிறது.

நரைத்த ஆய்வாளர்

ஒப்பீட்டு மரபணு (எப்போதும் ஒரே அளவில் இயங்குவதாகக் கருதி அளவுகோலாக வைப்பது) எது? பீட்டா-ஆக்டின் என்றால் இஎஃப்1-ஆல்ஃபாவையும் சேர்த்துப் பாருங்கள். ஆக்டின் நிலையானது என்று நம்பி ஒருமுறை நான் பட்டது போதும்.

பிப்பெட் பிடித்தவள் (பத்து நாளுக்குப் பின்)

இரண்டையும் செய்தேன். உள்ளே தள்ளிய குழிகளில் எம்எக்ஸ் சிடி 24-க்கு இறங்கியது. இஎஃப்1-ஆல்ஃபா அசையவில்லை. 9 சுழற்சி வித்தியாசம், கணக்குப்படி ஏறத்தாழ 512 மடங்கு! கொழுப்பு மட்டும் பெற்ற குழி 33-லேயே நின்றது. ஆர்டிஜி-2 ஊடகம் விட்ட செல்களிலும் ஏறியது, ஆனால் இவ்வளவு இல்லை.

ஐபிஎன்வி கொடுத்த தட்டில் முன்பே பாலி ஐசி ஏற்றிய வரிசை செல்கள் உயிரோடு, ஊதா நிறத்தில் முழுதாகச் சாயம் பிடித்து நிற்கிறது. பாலி ஐசி பெறாத பக்கத்து வரிசை, செல்கள் செத்து, வெறும் கண்ணாடி போல. வைரஸைக் கொடுத்துவிட்டு அதன்பின் பாலி ஐசி ஏற்றிய குழிகளும் பிழைக்கவில்லை.

எலைசா பெட்டியை எலி வளர்க்கும் பக்கத்து அறைக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.