கிளார்க் பிரிலிம்ஸ்: கணக்கும் இங்கிலீஷும் நாங்கள் பழகிய விதம்

தக்கலை:

வங்கி கிளார்க் வேலைக்கான பிரிலிம்ஸுக்கு, அதாவது முதல்நிலைத் தேர்வுக்கு, மாக் டெஸ்ட் என்கிற மாதிரித் தேர்வை எழுதிக்கொண்டே இருக்கிறேன், மார்க் மட்டும் அசைய மாட்டேன் என்கிறது என்று போன வாரம் ஒரு தம்பி இங்கே கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது, அதனால் தனியாகவே போடுகிறேன். மற்றவர்களும் அவரவர் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள்.

நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், டிகிரி கணிதம், இப்போது ஒரு வங்கியில் கிளார்க். கணிதம் படித்தவளுக்குக் குவான்ட்ஸ், அதாவது தாளின் கணக்குப் பகுதி, தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். காலேஜில் ஒரு கணக்குக்கு ஒரு பக்கம் எழுதிப் பழகிய கை இது. 20 நிமிடத்தில் 35 கேள்வி என்றால் ஒன்றுக்கு 35 விநாடி கூட முழுசாகக் கிடையாது, கால்குலேட்டரும் கிடையாது. இது வேறு வேலை, தனியாகத்தான் பழக வேண்டும்.

முதலில் கை வேகம். 12.5 சதவீதம் என்று பார்த்ததும் எட்டில் ஒன்று, 37.5 என்றால் எட்டில் மூன்று, 14.28 என்றால் ஏழில் ஒன்று, 9.09 என்றால் பதினொன்றில் ஒன்று என்று யோசிக்காமல் வர வேண்டும். 640இல் 37.5 சதவீதத்தைப் பெருக்கிப் பார்க்கிறவர் அந்த இடத்திலேயே அரை நிமிடத்தை விட்டுவிடுகிறார், எட்டால் வகுத்து மூன்றால் பெருக்குகிறவருக்கு 240 உடனே வந்துவிடும். 30 வரை வர்க்கம், 15 வரை கனம், இவை மனப்பாடம்தான், வேறு வழி இல்லை. தக்கலையிலிருந்து வடசேரி போகும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பக்கத்தில் வருகிற டிஎன் 74, டிஎன் 75 வண்டிகளின் நம்பரை இரண்டிரண்டாக உடைத்துப் பெருக்குவேன். 4836 என்றால் 48ஐயும் 36ஐயும் பெருக்கி 1728. வில்லுக்குறியில் வண்டி நின்றுவிட்டால் இன்னும் நல்லது.

அப்புறம் வரிசை. தாளில் 1, 2, 3 என்று வருகிற வரிசையில் போடவே கூடாது. நான் முதல் சுற்றில் சிம்ப்ளிஃபிகேஷன், எண் தொடர், இருபடிச் சமன்பாடு. இரண்டாவதாக டேட்டா இன்டர்பிரட்டேஷன் (டிஐ), அதாவது பட்டியலையோ வரைபடத்தையோ பார்த்துப் போடும் கணக்கு, அதுவும் பட்டியல் சுலபமாக இருந்தால்தான். கடைசியில்தான் வேலை–நேரம், ரயில், கலவை எல்லாம். இரண்டு தடவை வாசித்தும் முதல் ஸ்டெப் எது என்று தெரியவில்லையா, அந்தக் கேள்வி எனக்கானது இல்லை, அடுத்தது. தப்புக்குக் கால் மார்க் போகும், அதாவது நாலு தப்பு ஒரு சரியைத் தின்றுவிடும். ஆனால் அதைவிடப் பெரிய நஷ்டம் நேரம்தான். தெரியாத கணக்கில் மூன்று நிமிடம் உட்கார்ந்தால் கடைசியில் இருக்கும் நாலைந்து சுலபக் கேள்விகளைப் பார்க்காமலே திரை அடுத்த பகுதிக்குப் போய்விடும், திரும்பி வரவும் முடியாது. நம்மூரில் நன்றாகக் கணக்குப் போடுகிறவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். ஒரு கணக்கைப் பாதியில் விட அவர்களுக்கு மனசு வராது.

இங்கிலீஷ் எனக்கு நேர் எதிர். கணக்கைக் கடிகாரம் வைத்துப் பழகினேன், இங்கிலீஷை முதல் சில மாதம் கடிகாரம் இல்லாமல் பழகினேன். புரியாததை வேகமாக வாசித்து என்ன பயன்? தினமும் ஒரு தலையங்கம், அகராதி பக்கத்தில், ஒரு பத்தி முடிந்ததும் அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று தமிழில் ஒரு வரி எழுதுவேன். வாசிப்பு ஓரளவு ஓட ஆரம்பித்த பிறகுதான் 20 நிமிடம், 30 கேள்வி. இது எனக்கு ஒத்து வந்தது.

அந்தத் தம்பிக்கு ஒரே பதில்: மாக் எழுதுவதைக் குறைத்துவிட்டு, எழுதிய மாக்கைத் திருப்பிப் பாருங்கள். எதைத் தப்பாகப் போட்டோம் என்று எல்லோரும் பார்க்கிறார்கள். சரியாகப் போட்டும் ஒன்றரை நிமிடம் எடுத்தது எது என்று பாருங்கள், மார்க் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

முட்டம்:

அக்கா, வண்டி நம்பர் விஷயம் அருமை, நானும் இனி செய்கிறேன். தமிழில் தாள் எழுதுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் நான் எழுதுகிறேன். பொதுத்துறை வங்கி கிளார்க் தேர்வுகளை இங்கிலீஷ், இந்தியோடு 13 மாநில மொழிகளிலும் நடத்த வேண்டும் என்று 2021 செப்டம்பரில் நிதியமைச்சகம் பரிந்துரைத்தது, தமிழும் அதில் உண்டு. கணக்கும் ரீசனிங்கும் தமிழில் வாசிக்கலாம், இங்கிலீஷ் பகுதி மட்டும் இங்கிலீஷ்தான். நான் தமிழ்தான் எடுத்தேன். பழகுவதற்குத் தமிழில் கேள்வி கிடைப்பது கஷ்டம், கிடைக்கிற மொழிபெயர்ப்பிலும் வாக்கியம் மூன்று வரிக்கு இழுக்கும். அதனால் முதலில் கடைசி வரியை வாசித்து என்ன கேட்கிறான் என்று பார்ப்பேன், பிறகு எண்களை மட்டும் பொறுக்குவேன், கதையை விட்டுவிடுவேன்.

இன்னொன்று, கிராம வங்கி ஆஃபீஸ் அசிஸ்டன்ட் தேர்வை மறந்துவிடாதீர்கள். அதில் பிரிலிம்ஸில் இங்கிலீஷே கிடையாது. ரீசனிங் 40, கணக்கு 40, மொத்தம் 45 நிமிடம். அடுத்த கட்டமான மெயின்ஸில்தான் இங்கிலீஷ் அல்லது இந்தி ஒன்றை எடுக்க வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் முன்பு பாண்டியன் கிராம வங்கி இருந்தது, 2019இல் பல்லவனோடு சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆனது. வீட்டுப் பக்கத்துக் கிளையில் வேலை கிடைத்தால் யாருக்கு வலிக்கிறது?

படகு–நீரோட்டம் கணக்கில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு, கடற்கரைக்காரன் அதைத் தப்பாகப் போடக் கூடாது. அப்பாவிடம் ஒரு நாள் இந்தக் கேள்வியை வாசித்துக் காட்டினேன்: நிலையான நீரில் படகு மணிக்கு 12 கிலோமீட்டர், நீரோட்டம் 3, போய்த் திரும்ப மொத்தம் 8 மணி நேரம், தூரம் எவ்வளவு? “காத்தும் நீவாடும் எந்தப் பக்கம்னு சொல்லாம எவன்லே கணக்குக் கேக்கான்” என்றார். நீவாடு என்றால் நீரோட்டம். அதுதான் விஷயமே. எதிர்த்துப் போகையில் 9, கூடவே போகையில் 15, வேக விகிதம் 3க்கு 5, ஆகவே நேர விகிதம் 5க்கு 3. மொத்தம் 8 மணி என்பதால் எதிரே போக 5 மணி நேரம், 45 கிலோமீட்டர். எக்ஸ் போட்டுச் சமன்பாடு எழுதினால் ஒரு நிமிடம் ஆகும், இப்படிப் போட்டால் பேனாவே வேண்டாம்.

அருமனை:

எங்கள் வீட்டில் ரப்பர் பால்வெட்டுத் தொழில். விடியும் முன்னே அம்மாவும் அப்பாவும் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள், அந்த நேரம்தான் எனக்குப் படிப்பு. கலவைக் கணக்கு எனக்கு அங்கிருந்துதான் வந்தது, புத்தகத்தில் பாலும் தண்ணீரும், இங்கே ரப்பர் பாலும் தண்ணீரும். 30 சதவீதம் ரப்பர் உள்ள பாலையும் 38 சதவீதம் உள்ளதையும் எந்த விகிதத்தில் கலந்தால் 35 சதவீதம் வரும்? குறுக்கே கழிக்க வேண்டியதுதான், 38லிருந்து 35 போக 3, 35லிருந்து 30 போக 5, ஆகவே 3க்கு 5. 35 எதற்குப் பக்கமோ அது அதிகம் இருக்கும் என்று மனசில் வைத்தால் விகிதம் தலைகீழாகப் போகாது.

இங்கிலீஷில் எனக்குக் கைகொடுத்தது எரர் ஸ்பாட்டிங், வாக்கியத்தில் தப்பைக் கண்டுபிடிப்பது. காரணம் வேடிக்கையானது. அவர்கள் வைக்கிற தப்பெல்லாம் நாம் தினமும் பேசுகிற இங்கிலீஷ். டிஸ்கஸ் அபவுட் என்போம், அபவுட் தேவையில்லை. கோப் அப் வித் என்போம், அப் வரக் கூடாது. ரிட்டர்ன் பேக், அதில் பேக் சும்மா. ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட் என்போம், ஃப்ரெண்ட்ஸ் என்று பன்மை வர வேண்டும், ஆனால் வினை ஒருமை, இஸ்தான் வரும், ஆர் வராது. நெய்தர் – நார் வந்தால் வினை, பக்கத்தில் இருக்கும் எழுவாயோடு போகும். இப்படி நம் வாயில் வருகிற தப்புகளை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன், யாராவது பேசினாலும் குறித்துக்கொள்வேன், கல்யாண வீட்டில்கூட. இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தவர்களைவிட எனக்கு அதில் மார்க் அதிகம் வந்தது. ஆனால் நான் தலையங்கம் வாசிக்கிற ஆள் இல்லை அக்கா, உண்மையைச் சொல்கிறேன், இரண்டு பத்தியில் தூக்கம் வந்துவிடும். விளையாட்டுப் பக்கம்தான் வாசித்தேன், அதிலும் வாக்கியம் வாக்கியம்தானே.

வரிசை மாற்றிய வாக்கியங்களுக்கு ஒரு வழி: ஹீ, தே, திஸ், ஹவ்எவர் என்று தொடங்குகிற வாக்கியம் பெரும்பாலும் முதல் வாக்கியமாக இருக்காது. அதைத் தள்ளினாலே பாதி விடைகள் அடிபட்டுப் போகும். குளோஸ் டெஸ்டில் கோடிட்ட இடத்தைப் பார்த்ததும் நிரப்ப ஆரம்பிக்க வேண்டாம், முழுப் பத்தியையும் ஒரு தடவை ஓட்டி வாசித்துவிட்டு வாருங்கள்.

வடசேரி:

பிள்ளைகள் எழுதியதை எல்லாம் வாசித்தேன், சந்தோஷம். நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன், தெரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் சொல்லிக்கொடுக்கிறேன். தக்கலை மகள் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இங்கிலீஷுக்குக் கடிகாரம் வேண்டாம் என்பது, கையில் நேரம் இருக்கிறவர்களுக்குத்தான். அறிவிப்பு வந்த பிறகு தொடங்குகிறவர்கள் முதல் நாளே கடிகாரம் வைக்க வேண்டும். 20 நிமிடத்தில் 30 கேள்வி, ஒன்றுக்கு 40 விநாடி, அந்த நேரத்துக்குள்தான் பாசேஜ் வாசிப்பதும் வருகிறது. நிதானமாகப் படித்தே பழகியவர்களுக்கு ஹாலில் கை ஓடாது, கண் முன்னால் பார்த்திருக்கிறேன்.

இங்கிலீஷைக் கைகழுவிவிட்டுக் கணக்கில் தேற்றிக்கொள்ளலாம் என்று ஒரு கோச்சிங்கில் சொல்லிக்கொடுத்ததாக ஒரு பையன் வந்து சொன்னான். எந்தத் தேர்வுக்கு என்று கேட்டேன், தெரியவில்லை. ஸ்டேட் வங்கி கிளார்க் பிரிலிம்ஸில் தனித்தனிப் பகுதிக்கு கட்ஆஃப் (தாண்ட வேண்டிய குறைந்தபட்ச மார்க்) இல்லை, மொத்தம்தான் பார்ப்பார்கள். மற்றப் பொதுத்துறை வங்கிகளுக்குத் தேர்வு நடத்தும் ஐபிபிஎஸ் அப்படி இல்லை, மூன்று பகுதியிலும் தனித்தனியாகத் தாண்ட வேண்டும். கணக்கில் 35க்கு 35 வாங்கினாலும் இங்கிலீஷில் அரை மார்க் குறைந்தால் வெளியேதான். எழுதுகிற தேர்வின் அறிவிப்பை முழுசாக வாசிக்காமல் யாருடைய பேச்சையும் கேட்காதீர்கள், என் பேச்சையும் சேர்த்துத்தான்.

வட்டிக் கணக்கில் நம்மூர்ப் பிள்ளைகள் தடுமாறுவது எனக்கு ஆச்சரியம். நூற்றுக்கு ரெண்டு வட்டி என்று சின்ன வயசிலிருந்து காதில் விழுகிறதே, அது மாதத்துக்கு, ஆகவே வருஷத்துக்கு 24 சதவீதம் தனிவட்டி. தெருவில் போடுகிற கணக்கைத் தாளில் பார்த்ததும் ஏன் பயம்? இரண்டு வருஷத்துக்குக் கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் வித்தியாசம் கேட்டால், முதல் வருஷ வட்டிக்கு இரண்டாம் வருஷம் வருகிற வட்டிதான் அந்த வித்தியாசம். 8000 ரூபாய், 5 சதவீதம்: முதல் வருஷ வட்டி 400, அந்த 400க்கு 5 சதவீதம் 20. அவ்வளவுதான். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவன் பதற்றத்தில் மறப்பான், இப்படிப் புரிந்தவன் மறக்க மாட்டான்.

காசு கட்ட முடியாதவர்கள், நாகர்கோவில் கோணம் பகுதியில் இருக்கும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வ பயிலும் வட்டத்தில் போய்க் கேளுங்கள், போட்டித் தேர்வு வகுப்புக்கு அங்கே கட்டணம் கிடையாது. எந்தத் தேர்வுக்கு எப்போது வகுப்பு என்று நேரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தக்கலை:

சரி சார், நேரம் குறைவாக இருப்பவர்களுக்கு நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் இப்போது இரண்டாம் வருஷம் மூன்றாம் வருஷம் படிக்கிறவர்கள் இதை வாசித்தால் என் வழியையே பிடியுங்கள்.

களியக்காவிளை:

நான் திருவனந்தபுரத்தில் கிளாஸ் போகிறேன், தம்பானூர் போய் இறங்குவதற்குள் ஒரு செட் ரீசனிங் முடிந்துவிடும். அங்கே மலையாளத்தில் கணக்கு நடத்துகிறார்கள், எனக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் தாள் தமிழா இங்கிலீஷா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. முட்டத்துக்காரர் சொன்னதை வாசித்த பிறகு குழப்பம் கூடிவிட்டது மக்கா.

ஒரு சந்தேகம். கம்ப்யூட்டர் திரையில் ஒரு கேள்விக்கு மார்க் ஃபார் ரிவ்யூ (பிறகு பார்க்கலாம் என்று குறிப்பது) கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்க நேரம் கிடைக்காவிட்டால் அந்த விடை போய்விடுமா?

தக்கலை:

ஐபிபிஎஸ்ஸில் போகாது. விடையைத் தேர்ந்தெடுத்து ரிவ்யூ கொடுத்திருந்தால் அதையும் சேர்த்துத்தான் மார்க் போடுவார்கள், அதனால் தப்பாக இருந்தால் கால் மார்க்கும் போகும். சும்மா ஊகித்து வைத்ததை ரிவ்யூவில் போட்டு மறந்துவிடாதீர்கள். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: விடையைத் தொட்டுவிட்டு, சேவ் அண்ட் நெக்ஸ்ட் அழுத்தாமல், வலது பக்கம் இருக்கும் கேள்வி எண்ணைத் தட்டி அடுத்ததுக்குத் தாவினால் அது பதிவாகாது. வீட்டில் மாக் எழுதும்போதே அந்தப் பட்டனை அழுத்திப் பழகுங்கள். தமிழா இங்கிலீஷா என்பதற்கு, இரண்டிலும் ஒவ்வொரு டிஐ செட் போட்டு நேரம் பாருங்கள், அதுவே சொல்லிவிடும்.

களியக்காவிளை:

நன்றி அக்கா. பதிலுக்கு நேற்று கிளாஸில் வந்த ஒன்று. தப்பான எண்ணைக் கண்டுபிடியுங்கள்: 6, 7, 16, 53, 208, 1045.

முட்டம்:

53. ஒன்றால் பெருக்கி ஒன்று கூட்டு, இரண்டால் பெருக்கி இரண்டு கூட்டு என்று போகிறது, 16க்கு அடுத்தது 51 வர வேண்டும். அடுத்த தடவை கொஞ்சம் கஷ்டமாகப் போடுங்கள் சேட்டா.