ஹென்றி மொனாக்கோவைக் கவிழ்த்தாரா?

ஹைபரி14:
"ஆர்சனலுக்கும் பிரான்ஸுக்கும் ஃபுட்பால் ஆடுறப்ப தியரி ஹென்றி ராஜா, கோச்சா பூஜ்யம், மொனாக்கோவைக் குழியில தள்ளினவர்"னு நேத்து வெள்ளைச்சட்டை எழுதினதுக்கு ஒரு கூட்டமே ஆமாம் போட்டிருக்கு. படிச்சதுல இருந்து எரிச்சலா இருக்கு. 2018 அக்டோபர்ல பிரான்ஸ் லீக் கிளப் மொனாக்கோ, கோச் ஜார்டிமைத் தூக்கிட்டு ஹென்றியைக் கொண்டு வந்தப்பவே அந்த டீம் 20 டீம்ல 18ஆவது இடம். ஒன்பது மேட்ச்ல 6 பாயிண்ட். குழியில கிடந்ததை யாரு தள்ளுறது?

வெள்ளைச்சட்டை:
நான் எழுதினதுல ஒரு எழுத்தையும் மாத்த மாட்டேன். 18ல எடுத்தார், 2019 ஜனவரியில 19ல விட்டுட்டுப் போனார். லீக்ல 12 மேட்ச், ஜெயிச்சது 2. சொந்த மைதானத்துல பெல்ஜியம் கிளப் ப்ரூஜ்கிட்ட 0-4, ஸ்ட்ராஸ்பர்க்கிட்ட 1-5. இதுக்குப் பேரு கோச்சிங்கா?

ஹைபரி14:
ஸ்ட்ராஸ்பர்க் மேட்ச்ல ஆரம்பத்துலயே மொனாக்கோ தடுப்பு வீரர் நால்டோவுக்கு சிவப்பு அட்டை. அதை மட்டும் சௌகரியமா விட்டுட்டீங்க. 2017ல சாம்பியன் ஆன டீம்ல எம்பாப்பே, பெர்னார்டோ சில்வா, பக்காயோக்கோ, மெண்டி எல்லாரையும் வித்தாச்சு. அடுத்த வருஷம் ஃபாபின்யோ, லெமார். மிச்சம் இருந்தவங்கள்ல பாதிப் பேர் காயம். திரும்பச் சொல்றேன், வரும்போதே 18.

லிகாப்பிரியன்:
அண்ணே, அதே ஜார்டிம் திரும்பி வந்து 17ல முடிச்சு டீம் கீழ் லீக்குக்கு இறங்காம காப்பாத்தினாரே. அவருக்கு மட்டும் வேற ஆளா இருந்தாங்க?

ஹைபரி14:
ஆமா தம்பி, வேற ஆள்தான்! ஜெல்சன் மார்ட்டின்ஸும் ஏட்ரியன் சில்வாவும் ஹென்றி போன பிறகுதான் வந்தாங்க. தேதியைப் பாத்துட்டு எழுதுங்க. டீமை 18க்கு இறக்கினதே ஜார்டிம். அதை ஏன் யாரும் பேச மாட்டேங்குறீங்க?

வெள்ளைச்சட்டை:
ஃபாப்ரிகாஸ் வந்தது ஹென்றி இருக்கும்போதுதானே? அப்புறமும் 19தான்.

பழைய கோலி:
இடத்தை விடுங்கப்பா. 17 வயசுப் பையன் பாடியஷீல், பிரஸ் மீட் முடிஞ்சு எழுந்தவன் நாற்காலியை உள்ள தள்ளலைன்னு அவர் முறைச்ச முறைப்பு ஞாபகம் இருக்கா? எதிரணி வீரரைத் திட்டிட்டு அப்புறம் மன்னிப்புக் கேட்டதும் அங்கதான். தான் ஆடின மாதிரியே எல்லாரும் ஆடணும்னு நினைக்கிறவரால பசங்களை வளர்க்க முடியாது.

ஹைபரி14:
வளர்க்க முடியாதா? 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல பிரான்ஸ் டீமுக்குக் கோச்சா இருந்து வெள்ளி வாங்கினது யாரு? கிளப்புகள் ஆள் விட மாட்டேன்னாங்க, ரியால் மாட்ரிட் எம்பாப்பேயை விடல. ஒலிசே, மத்தேத்தா, 33 வயசு லக்காஸெத்தை வச்சு அர்ஜென்டினாவையும் எகிப்தையும் தாண்டினார். 1984 தங்கத்துக்கு அப்புறம் பிரான்ஸ் ஆண்கள் ஃபுட்பால் அணிக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். அமெரிக்க லீக்ல ஆடுற கனடா கிளப் மான்ட்ரியலை 2020ல ப்ளேஆஃபுக்குக் கொண்டு போனதும் அவர்தான். கொரோனாவால சொந்த மைதானத்துல ஆட முடியாம அமெரிக்காவுல போய் ஆடின சீசன் அது.

வெள்ளைச்சட்டை:
ஃபைனல்ல ஸ்பெயின்கிட்ட 3-5. சொந்த ஊர், சொந்த ரசிகர்கள், முதல் கோலும் இவங்களோடது, அப்படியும் இடைவேளைக்குள்ள மூணு வாங்கினாங்க. ஜிடான் ரியால் மாட்ரிட் கோச்சா வரிசையா மூணு சாம்பியன்ஸ் லீக், ஐரோப்பாவோட பெரிய கிளப் கப், வாங்கினார். 98 உலகக்கோப்பை டீம்ல ரெண்டு பேரும் இருந்தவங்கதான்.

ஹைபரி14:
ஜிடான் கையில ரொனால்டோ, மோட்ரிச், ராமோஸ். ஹென்றி கையில 18ஆவது இடம். 2025ல இங்கிலாந்து லீக்ல 17ல முடிச்ச டாட்டன்ஹாம் கிளப்போட ரசிகர் எனக்கு 18, 19 கணக்கு சொல்லித் தர வேண்டாம்.

வெள்ளைச்சட்டை:
அதே சீசன்ல யூரோப்பா கப் தூக்கினோம். 2006ல உங்க ஆர்சனல் ஆடின பாரிஸ் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல பார்சலோனா கோல்கீப்பர் வால்டெஸ் முன்னாடி தனியா நின்னு உங்க ராஜா கோட்டை விட்டாரே, அது மட்டும் உள்ள போயிருந்தா நீங்களும் அந்த வருஷ சாம்பியன்ஸ் லீக் கப்பைப் பத்திப் பேசியிருக்கலாம்.

ஹைபரி14:
228 கோல் ஐயா! ஆர்சனல்ல எவனும் தொடாத எண். இத்தாலி கிளப் யுவென்டஸ்ல ஓரத்துல ஓடவிட்டு வீணாக்கினவரை ஆர்சனல் கோச் வெங்கர் நடுவுல நிறுத்தினார், மிச்சத்தை லீக்கே பாத்தது. 2003-04ல 30 கோல், ஒரு தோல்வி கிடையாது, உங்க டாட்டன்ஹாம் மைதானம் வைட் ஹார்ட் லேன்லயே சாம்பியன் ஆனோம்.

பழைய கோலி:
2009ல அயர்லாந்துக்கு எதிரா கையால பந்தைத் தட்டி, கோல் போட சக பிரான்ஸ் வீரர் காலாஸுக்குக் கொடுத்ததும் அந்த ராஜாதான். அயர்லாந்தால உலகக்கோப்பைக்கே போக முடியல.

ஹைபரி14:
அதுக்கும் மொனாக்கோவுக்கும் என்ன சம்பந்தம்? கை பட்டதுன்னு அவரே ஒத்துக்கிட்டார், மேட்சைத் திரும்ப வைக்கிறதுதான் நியாயம்னும் சொன்னார். ஃபிஃபாதான் மறுத்தது.

பழைய கோலி:
எல்லாம் முடிஞ்ச பிறகு சொன்னார். விசில் ஊதுறதுக்குள்ள நடுவர்கிட்ட போய்ச் சொல்லியிருக்கணும்.

லிகாப்பிரியன்:
அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ஒலிம்பிக் முடிஞ்ச கையோட அந்த வேலையையும் ஏன் விட்டார்?

ஹைபரி14:
சொந்தக் காரணம்னு சொல்லிட்டுப் போனார். மான்ட்ரியலை விட்டதும் லண்டன்ல இருந்த பிள்ளைங்களுக்காக. அதையும் தோல்விக் கணக்குல சேக்குறீங்களா? சரி, மொனாக்கோ லீக் மேட்ச் பன்னிரண்டையும் ஒவ்வொண்ணா எடுத்து எழுதுறேன், யார் யார் காயத்துல இருந்தாங்கன்னு சேத்து.

வெள்ளைச்சட்டை:
எழுதுங்க. ப்ரூஜ் மேட்ச்ல இருந்து ஆரம்பிங்க.

ஹைபரி14:
ப்ரூஜ் மேட்ச் சாம்பியன்ஸ் லீக்ல நடந்தது. நான் பிரான்ஸ் லீக் மேட்ச்னுதான் எழுதினேன். படிச்சுட்டு வாங்க.