ஸ்ட்ரைக் ரத்தாகிவிட்டது, சனிக்கிழமை ரயில் ஏன் ஓடாது?

கோவைக்காரன் (4 நவம்பர் 2022, இரவு)

இங்கிலாந்தில் கவென்ட்ரிக்குப் படிக்க வந்து இரண்டு மாதம் ஆகிறது. நாளை மாலை லண்டன் ஈஸ்ட் ஹாமில் சித்தப்பா மகனுக்கு நிச்சயதார்த்தம். ஸ்ட்ரைக் என்பதால் வர முடியாது என்று சொல்லியிருந்தேன். இன்று ஆர்எம்டி என்ற ரயில் தொழிலாளர் சங்கம் 5, 7, 9 தேதி ஸ்ட்ரைக் மூன்றையும் நிறுத்திவைத்துவிட்டது என்று செய்தி வந்ததும் சித்தி போன் செய்து, "அப்புறம் என்ன, கிளம்பி வா" என்கிறார். ஆப்பில் பார்த்தால் ஸ்ட்ரைக் நாளுக்குப் போட்ட அதே நாலு வண்டிதான் இருக்கிறது. ஆப்பில் கோளாறா?

கார்டு அண்ணை

ஆப் சரியாகத்தான் காட்டுகிறது தம்பி. நான் மிட்லண்ட்ஸில் ரயில் கார்டு, அதே சங்கத்து ஆள். இன்று பின்னேரம் மனேஜர் போன் எடுத்தார். "நாளைக்கு வேலைக்கு வாறியா?" "வாறன், எந்த வண்டிக்கு?" "அதுதான் எனக்கும் தெரியாது."

சிரிக்காதீர்கள். டியூட்டித் தாளில் என் பெயருக்கு நேரே சனிக்கிழமைக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. ஸ்ட்ரைக் நாளில் ஐந்தில் ஒரு பங்கு வண்டிதான், அதுவும் காலை 7.30 முதல் மாலை 6.30 வரைதான் என்று கணக்குப் போட்டு, எந்த வண்டி, எந்த டிரைவர், எந்த கார்டு என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே மாற்றி எழுதிவிட்டார்கள். டிரைவர்களில் பெரும்பாலானோர் வேறு சங்கம், ஆனாலும் அவர்களின் டியூட்டியும் மாறிவிட்டது. இதை ஒரே இரவில் திருப்பி எழுத ஆள் இல்லை.

வண்டிகளும் இடம் மாறி நிற்கின்றன. வழக்கமான வெள்ளி இரவு கடைசி வண்டிகள் ஊர் ஊராகப் போய் நின்று, விடிய அங்கிருந்தே முதல் வண்டியாகக் கிளம்பும். இன்றிரவோ எல்லாம் டிப்போவுக்குள் அடைபடுகின்றன.

லண்டன்வாசி

உங்கள் ஆட்களைக் கூப்பிட்டால் ஓடி வரமாட்டார்களா? கடைசி நேரத்தில் ரத்து செய்வதே தந்திரம். சம்பளமும் போகாது, வண்டியும் ஓடாது.

கார்டு அண்ணை

கோபம் புரிகிறது. ஆனால் கம்பெனிகள் புது சம்பள யோசனை தருவதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் சங்கம் இறங்கி வந்தது. வேலைநிறுத்தம் செய்ய 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது இப்போதைய (2022) சட்டம். கைவிடுவதற்கு அப்படி ஒன்றும் இல்லை. செப்டம்பரில் எலிசபெத் ராணி இறந்த அன்றே, 8ஆம் தேதி, 15க்கும் 17க்கும் அறிவித்ததைக் கைவிட்டோம். ஒரு வாரம் கையில் இருந்தது, தாளைத் திரும்ப எழுத முடிந்தது. இப்போது ஒரு இரவு.

கூப்பிட்டவுடன் ஓடி வருவது பற்றி: இரண்டு ஷிஃப்டுக்கு நடுவே 12 மணி நேர ஓய்வு வேண்டும் என்பது இங்கே ரயில்வேயில் பழைய கணக்கு. 1988 டிசம்பரில் லண்டன் கிளாப்ஹம் ஜங்ஷன் ரயில் விபத்தில் 35 பேர் இறந்தார்கள். சிக்னல் வயரிங் செய்த தொழிலாளிக்கு அதற்கு முந்தைய 13 வாரத்தில் கிடைத்த ஓய்வு ஒரே ஒரு நாள். பழைய கம்பியைக் கழற்றியவர் அதன் நுனியை வெட்டாமல் விட்டுவிட்டார், அவ்வளவுதான், சிக்னல் தவறாகக் காட்டிவிட்டது. இரவு 11 மணிக்கு வேலை முடித்த சிக்னல்காரரைக் காலை 5 மணிக்கு வரச் சொல்ல எனக்கு மனம் வராது.

தம்பி, நிச்சயதார்த்தத்துக்குப் போவதென்றால் கவென்ட்ரி பூல் மெடோ பஸ் நிலையத்தில் கோச் பிடியுங்கள். ரயிலில்தான் வருவேன் என்றால் முதல் வண்டியிலேயே ஏறிவிடுங்கள், கடைசி வண்டியை நம்ப வேண்டாம். திங்கட்கிழமையும் முழுசாகச் சரியாகியிருக்காது. 10ஆம் தேதி லண்டன் டியூப் (சுரங்க ரயில்) ஸ்ட்ரைக் இன்னும் ரத்தாகவில்லை, அது வேறு கணக்கு.

கோவைக்காரன்

கோச் டிக்கெட் எடுத்துவிட்டேன், நன்றி அண்ணை. சித்திக்கு இதையெல்லாம் விளக்கினேன். "அப்போ ஸ்ட்ரைக் ரத்தாகலையா?" என்கிறார்.